நன்றாகக் கோழியூட்டிய துப்பாக்கி

மெட்ரிகுலேஷன் பரீட்சையில் நான் ஆங்கிலத்தில் தோற்றவன். இப்போது இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. தலை நரைத்தவனை யாரும் மறுபடி பரீட்சைக்கு உட்காரச் சொல்லப்போவதில்லை. ஆனால் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராகச் சேர்ந்த அன்று, இருபத்துமூன்று வயதில், "பாஸுதான வே?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டபோது என் தலை தானாக ஆடிவிட்டது. வாய் பொய் சொல்லவில்லை, தலைதான் சொன்னது என்று வெகுகாலம் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். சர்டிபிகேட் எங்கே என்று அடுத்துக் கேட்டார். மதராசிலிருந்து தபாலில் வருகிறது என்றேன். அது வாய் சொன்னதுதான்.

அந்தத் தபால் இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருந்தது.

ஸ்டேஷன் சேரன்மகாதேவிக்கு மேற்கே ஒரு கால்வாய்க் கரையில் இருந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அந்த ஊர்க்காரர்கள் ரோஷக்காரர்கள். இந்தக் கதையில் அவர்கள் வயலில் குப்புற விழுந்து கிடப்பதாக ஓர் இடம் வருகிறது. ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், பின்னால் வயல். ஓர் இன்ஸ்பெக்டர், ஓர் ஏட்டு, நான்கு கான்ஸ்டபிள்கள், நான். இத்தனை பேரில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது ஊரறிந்த விஷயம். பாளையங்கோட்டையில் இருந்த பெரிய போலீஸ் துரையின் கச்சேரியிலிருந்து வரும் காகிதங்களை நான் வாசித்துத் தமிழில் சொல்லுவேன். இன்ஸ்பெக்டர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பதிலை ஆங்கிலத்தில் நான் எழுதுவேன். அவர் கண்ணைத் திறந்து கையெழுத்துப் போடுவார்.

மாதத்துக்கு ஒருமுறை மட்டும் அவருக்கு ஞாபகம் வரும்.

"சர்டிபிகேட்டு வந்துதா வே?"

"இன்னும் வரல ஐயா."

"தபால்காரன் மேல ஒரு கேஸு போடுவமா?"

"வேண்டாம் ஐயா. பிள்ளைகுட்டிக்காரன்."

இதற்குள் எனக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை வைத்திருந்த என் மாமனார், துணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் "இங்கிலீஷ் பாஸ் மாப்பிள்ளை" என்று சொல்லித்தான் கஜக்கோலையே எடுப்பார். உண்மை தெரிந்தால் வேலை போகும். வேலை போனால் அவர் வண்டி கட்டிக்கொண்டு வந்து பெண்ணைக் கூட்டிப்போய்விடுவார். இந்த இரண்டு பயத்தையும் தலைக்கு அடியில் வைத்துத்தான் நான் தினமும் படுத்தேன்.

ஒரு புரட்டாசி மாதம் துரை கச்சேரியிலிருந்து ஒரு மரப்பெட்டி வந்தது. உள்ளே வைக்கோலுக்கு நடுவில் ஒரு புத்தம்புதிய ரிவால்வர். ஆறு தோட்டா போடும் உருளை, சுடச்சுடத் தானே சுழலும். கூடவே கையால் எழுதிய ஒரு கடிதம். எல்லாரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்துத் தமிழாக்கினேன். இந்தப் புது மாதிரித் துப்பாக்கி இந்த ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். சேற்றில் புரட்ட வேண்டும். ஆற்று மணலில் புரட்ட வேண்டும். எண்ணெயில் முக்க வேண்டும். ஒவ்வொன்றுக்குப் பிறகும் துடைக்காமல் ஆறு தடவை சுட்டுப் பார்க்க வேண்டும். இதுவரைக்கும் எனக்கு ஒரு தடங்கலும் இல்லை.

கடைசி வரிக்கு வந்தேன். அதில் 'பவுல்' என்று ஒரு சொல் இருந்தது. அதற்கு முன்னால் 'நன்றாக' என்று இருந்தது.

நான் கொஞ்சம் தயங்கினேன். பவுல் என்றால் கோழி. எங்கள் வீடு சைவ வீடு. வாசலில் முட்டை ஓடு கிடந்தாலே தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மறு காரியம். ஆனாலும் அந்தச் சொல் எனக்குத் தெரியும். துரைமார் வந்து தங்கும் பங்களாவுக்கு நான் காகிதம் கொண்டுபோன நாளிலெல்லாம் அங்கே பவுல் கட்லெட், பவுல் சூப் என்றுதான் பேச்சு நடக்கும். கோழிக்கு எழுதும்போது நடுவில் டபிள்யூ வர வேண்டும். இந்தக் கடிதத்தில் யூ இருந்தது.

"துரை கச்சேரிக் குமாஸ்தாவுக்கே எழுத்துக் கூட்டத் தெரியல" என்று சிரித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் கடைசி வரியைக் கம்பீரமாக மொழிபெயர்த்தேன்: "பின்னும் மேற்படி துப்பாக்கியை நன்றாகக் கோழியூட்டி, சுட்டுப் பார்த்து, அறிக்கை அனுப்ப வேண்டியது."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்தார். "என்ன ஊட்டி?"

"கோழியூட்டி, ஐயா."

"துப்பாக்கிக்கா?"

"நன்றாக என்று வேற போட்டிருக்கு."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. "சரிதான் வே. பவுல்னா கோழிதான். அன்னைக்கு பங்களாவுல துரைகூட நானும் பவுல் கட்லெட்டு தின்னேன். துரைமாரு சாப்பிட்டுக்கிட்டே சுடுவாங்கள்லா? கையில கறி ஒட்டியிருக்கும். அதுக்குத்தான் கேக்குதாரு."

எவ்வளவு நல்ல விளக்கம்! எனக்கே அப்போதுதான் விஷயம் புரிந்தமாதிரி இருந்தது.

ஏட்டையா மட்டும் சுற்றிக்கொண்டிருந்த தலைப்பாகையைப் பாதியில் நிறுத்தினார். அவர் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர், ஐம்பது வயது, அதிகம் பேசாதவர், எந்த வெயிலிலும் நடந்தே ரோந்து போகிறவர். என் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு ஸ்டேஷனுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த சேவலைப் பார்த்தார். பிறகு தலைப்பாகையின் மிச்சத்தைச் சுற்றினார்.

அந்தச் சேவலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது இன்ஸ்பெக்டரின் செல்லப்பிள்ளை. பருத்த உடம்பு, ஆளைப் பார்த்தால் நேரே கணுக்காலுக்கு வரும். ஸ்டேஷனில் கொத்துப்படாத கால் இல்லை. ஏட்டையா காலில் மட்டும் ஏழு வடு. துரை கச்சேரிக்கு எழுதுகிறமாதிரி அவர் அதையெல்லாம் எண்ணி வைத்திருந்தார்.

சோதனையைத் திங்கட்கிழமை ஆரம்பித்தோம். பிசான நெல் நடவுக்கு உழுது போட்டிருந்த வயலில் பனைமரத் தடி ஒன்றை நட்டு, அதுதான் இலக்கு என்றோம். விஷயம் பரவி ஊரே வரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒருத்தி அவித்த பயறு விற்றாள். இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைச் சேற்றில் மாவு பிசைகிறமாதிரி பிசைந்து எடுத்துச் சுட்டார். ஆறும் வெடித்தன. பனந்தடிக்கு ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து வயலில் ஒரு தண்ணீர்ப் பானை உடைந்தது. செவ்வாய்க்கிழமை மணல். ஆறும் வெடித்தன. பானைக்காரர் அன்றைக்குப் பானையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். புதன்கிழமை நல்லெண்ணெய். துப்பாக்கி கையிலிருந்து இரண்டுதரம் வழுக்கியது, ஆனாலும் வெடித்தது. நான் ஒவ்வொன்றையும் நோட்டில் அழகாக எழுதினேன். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்கே ஒரு மதிப்பு வந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை கோழி.

இங்கேதான் சங்கடம் ஆரம்பித்தது. உயிருள்ள கோழியா, உரித்த கோழியா, ஆக்கிய கோழியா? கடிதத்தில் இல்லை. ஸ்டேஷனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டது. உயிருள்ள கோழிதான் என்று நான் வாதாடினேன். ஆக்கிய கோழி என்றால் அருகில் நின்று நோட்டு எழுத வேண்டியவன் நான்தானே. இன்ஸ்பெக்டர் என் பக்கம் தீர்ப்புச் சொன்னார். துப்பாக்கியைத் தோட்டா இல்லாமல் கோழிக்கூட்டில் ஒரு பகல் முழுக்கப் போட்டுவைத்தோம். சாயங்காலம் எடுக்கப் போனால், அடைக்கு உட்கார்ந்திருந்த பெட்டைக்கோழி தன் முட்டைகளோடு அதையும் சேர்த்து அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எடுக்கப்போன கான்ஸ்டபிளின் கையைக் கொத்திப் பிடுங்கிவிட்டது.

"பைய எடுலே, அது குஞ்சுன்னு நெனச்சுட்டுல்லா" என்றார் இன்ஸ்பெக்டர்.

எச்சமும் இறகுமாக வந்த துப்பாக்கி ஆறு தடவையும் வெடித்தது. எனக்குப் பெரிய நிம்மதி. முடிந்தது என்று நோட்டை மூடினேன்.

அப்போதுதான் ஏட்டையா வாயைத் திறந்தார். "ரைட்டரே, காயிதத்துல நல்லான்னு போட்டிருக்குன்னு சொன்னீரே. இது நல்லாவா? கோழி பக்கத்துல படுத்துக் கெடந்தா நல்லா கோழியூட்டுனதா ஆயிருமா? கொளம்பு வச்சு ஊத்துனாத்தான் நல்லா."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். மொழிபெயர்த்தவன் நான். 'நன்றாக' என்ற சொல்லை நான் எப்படி இல்லையென்பேன்?

"எந்தக் கோழிய ஆக்க?" என்றார் இன்ஸ்பெக்டர், பதில் தெரிந்தவர் குரலில்.

"பெட்ட அடையில இருக்கு" என்றார் ஏட்டையா, ரொம்ப வருத்தமாக. "சேவல்தான் இருக்கு."

சர்க்கார் காரியம் என்பதால் இன்ஸ்பெக்டர் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சம்மதித்தார். மறுநாள் ஏட்டையாவே சமைத்தார். அவர் சமைப்பார் என்றே அதுவரை எங்களுக்குத் தெரியாது. மல்லியையும் மிளகையும் வறுத்து, தேங்காயைப் பட்டுப்போல அரைத்து, சின்ன வெங்காயத்தை உரித்துப் போட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி அவர் வைத்த குழம்பின் வாசனையில் லாக்கப்பில் இருந்த ஆள் அழுதான். நான் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, மூக்கை மேல்துண்டால் மூடி, பத்தடி தள்ளி நின்று குறிப்பெடுத்தேன். கெட்டியாக இருக்கிறது என்று எழுதவா, செறிவாக இருக்கிறது என்று எழுதவா என்று ஏட்டையாவையே கேட்டேன். "கெட்டின்னே எழுதும்" என்றார்.

குழம்பில் பாதியைத் தனிச் சட்டியில் எடுத்து மூடி வைத்தார். எதற்கு என்று கேட்டேன்.

"துப்பாக்கி படாத கொளம்பு ஒண்ணு வேணும்லா? ஒப்பிட்டுப் பாக்கணும்."

எவ்வளவு ஒழுங்கான மனிதர் என்று எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. அதையும் நோட்டில் எழுதினேன்.

துப்பாக்கியைச் சட்டியில் புரட்டி, கறித்துண்டோடு தூக்கி, இன்ஸ்பெக்டர் வயலில் நின்று குறிபார்த்தார். முதல் தோட்டா வெடித்தது. குழம்பு அவர் மீசைக்கு வந்தது. இரண்டாவது தோட்டாவுக்கு விசையை இழுத்தார். உருளை சுழலவில்லை. பல்லைக் கடித்து இழுத்தார். அசையவில்லை. தேங்காய் விழுது இடுக்கெல்லாம் இறுகி, சேவலின் இறக்கை எலும்பு ஒன்று உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. சேற்றையும் மணலையும் எண்ணெயையும் பெட்டைக்கோழியையும் தாங்கிய துப்பாக்கி, சேவல் குழம்புக்குத் தோற்றது.

"செத்தும் கொத்துதே இந்தச் சேவலு" என்றார் ஒரு கான்ஸ்டபிள்.

அன்று மாலையே அறிக்கை எழுதினேன். நாலு பக்கம். என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய மிக நல்ல ஆங்கிலம் அதுதான் என்று எண்ணினேன். இந்தத் துப்பாக்கி எல்லாவற்றுக்கும் ஏற்றது, நன்றாகக் கோழியூட்டினால் மட்டும் ஒரு தடவைக்கு மேல் வெடிக்காது என்று முடித்தேன். அதோடு விட்டிருக்கலாம். மண்டைக்கனம் விடவில்லை. அடியில், மெட்ரிகுலேட் ரைட்டர் என்று ஒப்பமிட்டு, ஒரு வரி சேர்த்தேன்: தங்கள் கச்சேரிக் குமாஸ்தா கோழியை யூ போட்டுப் பிழையாக எழுதியிருக்கிறார், அதற்கு டபிள்யூதான் சரி என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எட்டாம் நாள் பதில் வந்தது. வேப்பமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். நான் பிரித்தேன். சனிக்கிழமை துரையவர்களே நேரில் வருகிறார்கள். கடைசிச் சோதனையைத் தம் எதிரில் செய்துகாட்ட வேண்டும். இதுவரை உரக்க வாசித்தேன். அடுத்த வரியை வாசிக்க நாக்கு எழவில்லை. முதல் கடிதத்தை எழுதியது குமாஸ்தா அல்ல, தாமே என்றும், தம் எழுத்துப் பிழையைத் திருத்திய மெட்ரிகுலேட்டை நேரில் காண மிகவும் ஆவலாக இருக்கிறது என்றும் துரை எழுதியிருந்தார்.

"என்ன வே, பாதியில நிறுத்திட்டீரு?"

"துரை நம்ம வேலையப் பாராட்டியிருக்காரு, ஐயா."

வீட்டுக்கு ஓடி, பரண்மேல் கிடந்த அகராதியை இறக்கினேன். பரீட்சையில் தோற்ற பிறகு அதைத் தொடவே இல்லை. பள்ளிக்கூடத்து மை வாசனை அப்படியே இருந்தது. யூ போட்ட பவுல் இருந்தது. தனியாக, தன் சொந்த இடத்தில், கோழிக்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்தது. அழுக்கு. அழுக்காக்குதல். அசுத்தப்படுத்துதல். துரை கேட்டதெல்லாம், இன்னும் கையில் அகப்படும் அழுக்கையெல்லாம் நன்றாகப் பூசிச் சுட்டுப் பாருங்கள் என்பதுதான். தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்பார்கள். தெரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்?

 வெட்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். பரீட்சையில் தோற்றவன் என்பது சனிக்கிழமை பத்து மணிக்கு ஊர் முன்னால் தெரியப்போகிறது. சாயங்காலத்துக்குள் டவுண் ஜவுளிக்கடைக்குப் போய்விடும். இன்ஸ்பெக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுவோம் என்று போனேன். அவர் தாமே மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வே, இந்த ஜில்லாவிலேயே கோழி சோதனை செஞ்ச மொத ஸ்டேஷன் நம்மதுதானாம்லா. எம் பொண்டாட்டி கோயில்ல எல்லாருட்டயும் சொல்லிட்டா" என்றார். முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. நான் மேஜையின் மற்றப் பக்கத்தைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை துரை குதிரையில் வந்தார். உயரமான மனிதர், வெயிலில் சிவந்த மூக்கு, முகத்தில் சிரிப்பு இல்லை. சேவல் இல்லாததால் சந்தையில் ஒரு கோழி வாங்கி, ஏட்டையா முன்னைவிட நன்றாகவே குழம்பு வைத்திருந்தார். ஊர் முழுக்க வரப்பில். ஆறு தோட்டாவும் போட்டு, துப்பாக்கியைக் குழம்பில் புரட்டி, இன்ஸ்பெக்டர் சுட்டார். ஒன்று வெடித்தது. இரண்டாவதுக்கு உருளை நின்றுவிட்டது. "பாத்தீங்களா, துரை?" என்று பெருமையாகத் திரும்பி, துப்பாக்கியைப் பக்கத்தில் இருந்த பலகைமேல் வைத்தார்.

ஊரில் ஒரு கறுப்பு நாய் உண்டு. முந்தின சோதனையிலேயே அது மோப்பம் பிடித்து வைத்திருந்தது. ஒரே தாவில் வந்து, துப்பாக்கியைக் கைப்பிடியில் கவ்விக்கொண்டு வயலுக்குள் இறங்கியது.

ஐந்து தோட்டா உள்ளே இருக்கிறது. துப்பாக்கி சுடாது என்று நாலு பக்கம் அறிக்கை எழுதியவன் நான்தான். ஆனால் முதலில் குப்புற விழுந்தவனும் நான்தான். நாய் எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறதோ அந்தப் பக்கத்து வரப்பு முழுக்கத் தரையில் படுத்தது. "ஏலே, வாலைப் பிடிலே!" "நீ பிடிலே, எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு!" இன்ஸ்பெக்டர் சேற்றில் முழங்கால்வரை இறங்கி, "கொடுத்துரு, கொடுத்துரு, சர்க்கார் சொத்து" என்று நாயிடம் கெஞ்சினார். துரையும் ஓடினார். அவருடைய இடது பூட்ஸ் சேற்றிலேயே நின்றுவிட்டது, அவர் மட்டும் முன்னால் போனார். நாய் அவர் பக்கம் திரும்பியதும் பெரிய போலீஸ் துரையும் எங்கள் ஊர்ச் சேற்றில் நெஞ்சு பதிய விழுந்தார்.

நாய் நடு வயலில் உட்கார்ந்து நிதானமாக நக்கியது. எலும்பைக்கூடக் கடைவாய்ப் பல்லால் பிடுங்கித் தின்றது. யாரும் எழவில்லை. முடித்ததும் அதற்கு ஆர்வம் போய்விட்டது. துப்பாக்கியைப் போட்டுவிட்டுச் சட்டி இருந்த பக்கம் நடந்தது. துரை எழுந்து போய் அதை எடுத்தார். துடைக்காமல் பனந்தடியைப் பார்த்து விசையை இழுத்தார். ஐந்தும் வெடித்தன. ஐந்தும் தடியில் பட்டன.

ஒரு காலில் பூட்ஸும் ஒரு காலில் சேறுமாக வேப்பமரத்தடிக்கு வந்தார். என் சோதனை நோட்டை வாங்கித் திறந்தார். "என் எழுத்துப் பிழையைத் திருத்திய மெட்ரிகுலேட் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் முன்னால் வந்தேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். தோற்றேன் என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சின்னச் சொல், அது எனக்குத் தெரியாததல்ல. ரிசல்ட் பலகையில் என் நம்பர் இல்லாத அன்று நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வரவில்லை. இன்ஸ்பெக்டர் வேறு என்னைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது என் பின்னாலிருந்து ஆங்கிலம் கேட்டது. பரீட்சை ஆங்கிலம் அல்ல, பங்களாவுக்குள்ளே பேசும் ஆங்கிலம். துரையே திரும்பிப் பார்த்தார். பேசியது ஏட்டையா.

அவர் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி வரும்: "துரையவர்களே, சொல் அழுக்கு என்பதே. எங்கள் ரைட்டர் அதைக் கோழி என்று வாசித்ததில் ஒரு நியாயம் உண்டு. சேறும் மணலும் போலீஸ்காரன் கையில் எப்போதாவது படும். குழம்பு தினமும் படும். திருடனும் நாங்கள் இலையில் உட்காரும் நேரம் பார்த்துத்தான் வருகிறான். மற்ற ஸ்டேஷன்கள் சேற்றோடு நின்றிருக்கும். இந்தத் துப்பாக்கி எதற்குத் தோற்கும் என்று கண்டுபிடித்தது நாங்கள் மட்டும்தான்."

துரை ஏட்டையாவைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. நோட்டை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்தார். சேறு உதிர உதிரச் சிரித்தார். ஏட்டையா உடனே உள்ளே போய், அன்றும் ஒப்பிட்டுப் பார்க்கவென்று எடுத்து வைத்திருந்த சட்டியையும் சோற்றையும் கொண்டுவந்து வைத்தார். துரை கையாலேயே சாப்பிட்டார். குதிரை ஏறும்போது தமிழில், "கோளி ரொம்ப நல்லா. துப்பாக்கி கொஞ்சம் நல்லா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லாரும் கலைந்ததும் நான் ஏட்டையாவை விடவில்லை.

"உங்களுக்கு இங்கிலீசு தெரியுமா?"

"எங்கப்பா பாளையங்கோட்டையில பாதிரி பங்களாவுல சமையக்காரரு. நான் பொறந்து வளந்ததே அந்த அடுக்களையிலதான். காதுல விழாம இருக்குமா?"

"அப்போ ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

"சொன்னா பேனாவக் கையில தந்து உக்கார வச்சிருவாங்கள்லா. எனக்கு நடக்கணும் வே."

"அப்போ மொத நாளே அது கோழி இல்லன்னு தெரியும்?"

அவர் கணுக்காலைத் தடவிக்கொண்டார். "ரெண்டு வருசமா அந்தச் சேவல் என்னைக் கொத்துது. அதைக் கொளம்பு வைக்கச் சொல்லி சர்க்காரே உத்தரவு போட்டிருக்குன்னு நீரு வாசிக்குதீரு. நான் எதுக்கு வேண்டாங்கணும்?" குரலைத் தாழ்த்தினார். "அந்தச் சர்டிபிகேட்டு வராதுன்னும் தெரியும். கோழிக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாதவரு எந்தப் பரீச்சையில தேறியிருப்பாரு? யாருட்டயும் சொல்லமாட்டேன், போயி வேலையப் பாரும்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு வருஷமாகத் தனியாகச் சுமக்கிறேன் என்று எண்ணியிருந்தேன். இந்த மனிதர் பாதிப் பாரத்தைச் சொல்லாமல் தூக்கிக்கொண்டு என் பக்கத்திலேயே ரோந்து நடந்திருக்கிறார். நேரே இன்ஸ்பெக்டரிடம் போய், ஆங்கிலத்தில் தோற்றவன் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் மீசையைத் தடவினார். இன்னும் மல்லி வாசனை போகவில்லை.

"அப்போ ரெண்டு வருசமா துரைக்குக் காயிதம் எழுதுனது யாரு?"

"நான்தான், ஐயா."

"துரைக்குப் புரிஞ்சுதா?"

"கோழி தவிர எல்லாம் புரிஞ்சிருக்கு."

"அப்போ போயி எழுதும். தபால்காரன் தப்பிச்சான்" என்றார். அதற்குமேல் அவர் சர்டிபிகேட்டைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. என் மாமனாரிடம் மட்டும் கடைசிவரை நான் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு எந்த வயதிலும் வரவில்லை.

தை மாதம் துரை கச்சேரியிலிருந்து எல்லா ஸ்டேஷனுக்கும் அச்சடித்த உத்தரவு ஒன்று வந்தது. வேப்பமரத்தடியில் கூடினோம். புது ரிவால்வரைப் பற்றி எட்டு விதி. ஏழு விதியையும் வாசித்தேன். எட்டாவதில் அந்தச் சொல் இருந்தது. 

முன்னைய நானாக இருந்தால் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எதையாவது சொல்லியிருப்பேன். "ஐயா, இந்தச் சொல் எனக்குச் சந்தேகமா இருக்கு. ஏட்டையாவைக் கேட்டுக்கிடுதேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னேன். சொல்லி முடித்ததும் உடம்பு லேசாக இருந்தது. ஏட்டையா வந்து காகிதத்தை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். உதடு துடித்தது.

"இதுல டபிள்யூதான் போட்டிருக்கு" என்றார். "துப்பாக்கியைக் கோழிக் குழம்புக்கு அருகே கொண்டுபோகக் கூடாது. துரை உத்தரவு."

இன்ஸ்பெக்டர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"பவுல்னா கோழிதான்னு நான் அன்னைக்கே சொன்னேம்லா வே?"